வள்ளி மணமும் உரைகண்டோர் உள்ளமும்

திருத்தணிகையில் முருகனுக்குத் திருமணம் ஆண்டில் இருமுறை. மாசிப் பெருவிழாவில் வள்ளியோடு. சித்திரைப் பெருவிழாவில் தெய்வயானையோடு. களவும் கற்பும் தத்தம் நாளைப் பெற்றுவிட்டன எனலாம். ஆயின், களவில் தொடங்கிய மணத்தை எவ்வாறு பொருள்கொள்வது என்பதில் புலவர்கள் ஒருமனப்படவில்லை.

பரிபாடலின் ஒன்பதாம் பாடலில் குன்றம்பூதனார், மறைவல்லோரை விளித்துக் களவின் சிறப்பை நிறுவுகிறார். அவர்க்கு வள்ளியே சான்று. நற்றிணை 82ஆம் பாடலில் தலைவன் தலைவிக்குக் கூறும் உவமையும் அவளே. குறமகளைக் கூடியமைக்கு இவர்கள் காரணம் தேடவில்லை.

தேடியவர் பின்வந்தோரே. கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணத்தில் வள்ளி முற்பிறப்பில் திருமாலின் மகள். உடன்போக்கிற்குப் பின் வேடர் பொருது மடிந்து, உயிர்பெற்றெழ, ஊரறிய மணமும் நிகழ்கிறது. அதன் பின்னரே இருவரும் தணிகை சேர்கின்றனர். சைவர் அவளை இச்சா சக்தி என்றும், பக்குவமுற்ற உயிர் என்றும் கண்டனர். ஆழ்ந்த விளக்கமே, ஆயினும் தினைப்புனம் காத்த பெண் அதில் மெல்ல மறைகிறாள்.

யூத உரையாசிரியர்க்கும் இத்தகைய இடர்ப்பாடு நேர்ந்ததுண்டு. பரத்தைமை உடையாளை மணக்குமாறு இறைவன் ஏவ, ஓசியா தீர்க்கதரிசி கோமேரை மணந்ததாக அவர்தம் மறை கூறும். அரமேய மொழிபெயர்ப்பான யோனத்தான் தர்கூம் அம்மணத்தையே நீக்கி, அதனை ஊரார்க்கு உரைத்த அறிவுரையாக்கிற்று. 12ஆம் நூற்றாண்டினரான இபன் எஸ்ராவும் மைமோனிடிசும் அனைத்தும் காட்சியில் நிகழ்ந்தவை என்றனர். 15ஆம் நூற்றாண்டினரான அபர்பனேல், மெய்யாகவே நிகழ்ந்தது என மறுத்தார். தால்முட்டின் பெசாகிம் பகுதி கூறுவதோ நெஞ்சை உருக்குவது. இஸ்ரவேலரை விட்டு வேறு இனத்தை ஏற்றுக்கொள் என்று ஓசியா இறைவனிடம் கூறிவிட்டாராம். அதன்பொருட்டே இம்மணம் விதிக்கப்பட்டது. மக்கள் பிறந்தபின் மனைவியை விலக்குமாறு பணிக்க, அவர் மனம் ஒப்பவில்லை. அவளையே விட இயலாத நீ என் மக்களை விடச் சொல்வது எங்ஙனம் என்று இறைவன் வினவினானாம். ஈண்டு மணம் உருவகமாய்க் கரைந்துவிடவில்லை; கணவனின் துயரிலிருந்தே பொருள் பிறக்கிறது. கோமேரின் சொல் மட்டும் இவ்வுரைகளில் கேட்பதில்லை.

வள்ளிக்கு அக்குறை நேராமற் காத்தவர், தணிகையிலேயே பிறந்த கச்சியப்ப முனிவர். 1790இல் மறைந்த அவர் சிவஞான முனிவரின் மாணவர், சித்தாந்தத்தில் தோய்ந்தவர். மணத்தை வெறும் தத்துவமாக்கிக் கடந்துசெல்ல அவர்க்குத் தடையேதும் இருந்திராது. அவரோ தணிகைப் புராணத்தில் ஒரு படலத்திற்குக் களவுப் படலம் என்றே பெயரிட்டு, வள்ளியின் காதலை அகப்பொருள் துறைகளாக விரித்துப் பாடினார். புராணத்துள் ஒரு கோவை புகுந்தது போன்ற பகுதி அது. நடை எளிதன்று, அகப்பொருள் இலக்கணம் பயிலாதார் உரையின்றி நுழைதல் அரிது.