பெயர் போடாத புகை

1785-இல் ‘மெட்ராஸ் கூரியர்’ தொடங்கிய ரிச்சர்ட் ஜான்ஸ்டன் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அச்சகர். சென்னையின் முதல் செய்தித்தாள் அது. கம்பெனியின் அறிவிப்புகளும் கப்பல், ஏல விளம்பரங்களும்தான் அதற்குச் சோறு போட்டன. கப்பல் சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலை தாண்டிக் கரை சேர்த்த படகோட்டி, விளம்பரம் கொடுக்க எங்கே போவான்? அவனைப் போன்றவர்களுக்காக, மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் ‘தொழிலாளன்’ என்று தனி இதழே தொடங்க வேண்டியிருந்தது.

நான் திருவொற்றியூரில் பகுதி நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது. அச்சான செய்தியின் நீளத்துக்குக் காசு, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன். ஆயுத பூஜை நெருங்கினால் ஆலை ஆலையாக ஏறி இறங்கி வாழ்த்து விளம்பரம் கேட்க வேண்டும். அந்த ஆலைகளில் ஒன்றின் வாடையால் குப்பத்துப் பிள்ளைகள் ராத்திரியெல்லாம் மூச்சுத் திணறினார்கள் என்று பெயரோடு எழுதி அனுப்பினால், காலையில் ‘தனியார் தொழிற்சாலை’ என்று மட்டும் வரும். மணலியிலிருந்து எண்ணூர் வரை எத்தனை ஆலைகள்! பெயர் போடாத புகைக்கு எந்த அதிகாரி பதில் சொல்வார்?

2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகம் அறிக்கை விட்டது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கறுப்பு எண்ணெய் ஒதுங்கி, ஆட்கள் அதை வாளியால் அள்ளத் தொடங்கியதும் டிவி வண்டிகள் வரிசை கட்டின. பிப்ரவரி 7 இரவு ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தில் போய் உட்கார்ந்தார். வண்டிகள் மெரினாவுக்கும், அங்கிருந்து எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூருக்கும் போயின. ஊரே பார்க்கும் காட்சிக்குத்தான் விளம்பரம் கிடைக்கும். எண்ணெய்ப் பயத்தில் காசிமேட்டில் மீன் வாங்க ஆள் வராமல் போனதை யார் பார்ப்பார்கள்? எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. எண்ணெய் ஊறிய வலையை மீனவர்களே கைபேசியில் படமெடுத்தார்கள், ஆலையின் பெயரை உரக்கச் சொன்னார்கள். பத்திரிகைகளும் பெயரோடு எழுதின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கோரமண்டல் உர நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விடிவதற்குள் அந்தப் பெயரும் வெளியே வந்துவிட்டது. படமெடுத்தவர்கள் எந்த ஆலையிடமும் விளம்பரம் கேட்டு நின்றவர்கள் இல்லை.