247 எழுத்து, ஒரே படம்

ஸ்பிரைட் என்றதும் நம் மாணவர்களுக்குப் பச்சைப் போத்தல்தான் ஞாபகம் வரும். அகப்பக்க வடிவமைப்பில் அது வேறு. பல சின்னப் படங்களை ஒரே கோப்பில் அடுக்கி வைத்து, வேண்டிய பகுதியை மட்டும் திரையில் காட்டுவது. எழுத்து அட்டவணை மேல் ஜன்னல் வெட்டிய அட்டையை நகர்த்திக் காட்டுவோமே, அதே வித்தை! கணினி விளையாட்டுகளில் இருந்த வழக்கம்; 2004இல் டேவ் ஷே எழுதிய கட்டுரை வழியாக அகப்பக்கக்காரர்களிடையே பரவியது.

அப்போது அதற்குக் காரணம் இருந்தது. 1999இல் வந்த எச்டிடிபி 1.1 வரையறை, ஓர் உலாவி ஒரு சேவையகத்தோடு ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றது. தோட்டத்திலிருந்து ஜாசின் பட்டணத்துக்கு உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்று போய் வந்தால் எப்படி இருக்கும்? 247 எழுத்தும் தனித்தனிப் படமென்றால், இரண்டிரண்டாக 124 நடை. ஒரு நடைக்கு 0.3 விநாடி என்று வைத்தாலே 37 விநாடி அலைச்சலுக்கே போய்விடும். ஸ்பிரைட் என்றால் ஒரே நடை.

ஆனால் எழுத்தை ஏன் படமாக்கினார்கள்? யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் அதை ஏற்றது விண்டோஸ் 2000இல்தான். அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள் இருந்தவர் தட்டச்சு செய்தார். பொருத்தமான எழுத்துரு இல்லாதவர் கணினியில் அது கிறுக்கலாகத் தெரிந்தது. அதனால் பலர், படமாகவே போட்டுவிட்டால் வம்பில்லை என்று நினைத்தார்கள்.

மெர்லிமாவ் பக்கம் தோட்டப்பள்ளியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு குறுவட்டு கொடுத்தார். அவரே செய்த அகப்பக்கம். உளி, மங்கு, வாளி என்று குட்டிக் குட்டிப் படங்கள். கூடவே, பால்மரம் வெட்டிய பாட்டிமார்களிடம் கேட்டு எழுதிய பாடல்கள், எல்லாம் படங்களாக. குட்டிப் படங்களை அரை நாளில் ஒரே ஸ்பிரைட்டாகச் சேர்த்துவிட்டேன். சின்னது, நிறைய, அடிக்கடி வருவது, மாறாதது: ஸ்பிரைட்டுக்கு ஏற்ற சரக்கு. மாறிக்கொண்டே இருக்கும் படமென்றால் வேண்டாம். ஒன்றை மாற்றினாலும் முழுத் தாளையும் திரும்ப இறக்க வேண்டும். 2015இல் எச்டிடிபி 2 வந்து ஒரே இணைப்பில் பல படங்கள் வரத் தொடங்கிய பிறகு அவசியமும் குறைந்துவிட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் அவசரப்பட்டு ஸ்பிரைட் செய்ய வேண்டியதில்லை.

பாடல்கள்தாம் சிக்கல். ஸ்பிரைட் நடையைக் குறைக்கும், படத்தை எழுத்தாக்காது. தேடினால் கிடைக்காது, கண் தெரியாத மாணவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டாது. கடைசியில் படிவம் 4 மாணவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக யூனிகோடில் தட்டச்சு செய்தோம். இரண்டு பாடல்களின் படங்கள் ரொம்பச் சுருக்கப்பட்டிருந்தன. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகின்றன. பாடிய பாட்டிகள் இப்போது இல்லை. ஆசிரியைக்கு நினைவிருந்த வரிகளை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டோம்.