பசுங்கூரைகளும் நகர உயிரினங்களும்: ஒரு வரலாறு

பசுங்கூரை என்பது கட்டடத்தின் தட்டையான கூரைமீது நீர்புகாத் தளம், வடிகால் அடுக்கு, மண் அடுக்கு ஆகியவற்றை முறையாக அமைத்து, அதன்மேல் செடிகொடிகளை வளரவிடுவதாகும். நாம் வீடுகளில் தொட்டியிலும் பையிலும் கத்தரி, வெண்டை வளர்க்கும் மாடித்தோட்டம் இதிலிருந்து வேறுபட்டது. பசுங்கூரையில் கூரையே நிலமாகிவிடுகிறது. இது கட்டடத்தின் வெப்பத்தைத் தணிக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல வடியவிடும். இந்த இரு பயன்களும் பலர் அறிந்தவை. நகரம் விரியும்போது இடமிழந்த உயிரினங்களுக்கு இக்கூரைகள் இடம் தருமா என்ற கேள்வி பின்னரே எழுந்தது. அதற்கு விடை தேடியதில் சுவிட்சர்லாந்துக்குச் சிறப்பான பங்கு உண்டு.

சூரிக் நகரின் நீர்நிலையம்

சூரிக் நகரின் வொலிசோபன் பகுதியில், ஏரிநீரை வடிகட்டிக் குடிநீராக்கும் மோஸ் நீர்நிலையம் 1914ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் கற்காரைக் கூரைகள் ஏறத்தாழ 30,000 சதுர மீட்டர் பரப்புடையவை. கோடையில் வடிகட்டும் தொட்டிகள் சூடேறினால் நீரில் பாக்டீரியாக்கள் பெருகும். அதைத் தடுக்கக் கூரைமீது மணலும் சரளையும் பரப்பி, அதன்மேல் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு மண் இட்டார்கள். அந்த மண் அக்கம்பக்கத்துப் புல்வெளிகளிலிருந்து எடுக்கப்பட்டது. மண்ணோடு விதைகளும் கூரை ஏறின.

காலம் செல்லச்செல்லச் சுற்றியிருந்த புல்வெளிகள் உழவு, உரம், கட்டடம் ஆகியவற்றால் மறைந்தன. கூரைமேல் இருந்த புல்வெளி மட்டும் தங்கிவிட்டது. தாவரவியல் அறிஞர் எலியாஸ் லாண்டோல்ட் அங்கு ஆய்வு செய்து 175 தாவர இனங்களைப் பதிவு செய்தார். அவற்றில் 9 ஆர்க்கிட் இனங்களும் அடங்கும். அப்பகுதியின் தரைப்பரப்பில் அற்றுப்போன செடிகளும் அவற்றுள் இருந்தன. உயிரினப் பாதுகாப்பு என்ற எண்ணமே இல்லாமல் குடிநீரைக் குளிர்ச்சியாக வைக்கச் செய்த ஏற்பாடு, ஒரு பழைய புல்வெளியைக் காத்துக் கொடுத்தது.

ஜெர்மனியின் பங்கு

ஜெர்மனியில் தீயைத் தடுப்பதற்காகத் தாரின்மேல் மணலும் சரளையும் பரப்பிய கூரைகள் இருந்தன. காற்றில் வந்த விதைகள் அவற்றில் தாமாகவே முளைத்தன. ரைன்ஹார்ட் போர்ன்காம் என்ற தாவரவியலாளர் சரளைக் கூரைகளின் தாவரங்களைப் பற்றிய ஆய்வை 1961இல் வெளியிட்டார். பின்னர் அந்நாட்டில் கூரைப் பசுமையாக்கத்துக்கான தொழில்நுட்ப நெறிமுறைகள் வகுக்கப்பட்டுத் தொழிலும் வளர்ந்தது. எடை குறைந்த மெல்லிய மண் அடுக்கும், சீடம் எனப்படும் சதைப்பற்றுள்ள சிறு செடியும் எங்கும் பரவின. செலவும் பராமரிப்பும் குறைவு என்பதே அதற்குக் காரணம். எல்லாக் கூரைகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டது இதிலுள்ள குறை.

பேசல் நகரின் ஆய்வும் சட்டமும்

பேசல் நகரில் 1990களின் நடுப்பகுதியில் மின்கட்டணத்தில் பெறப்பட்ட ஒரு பங்கைக் கொண்டு பசுங்கூரைகளுக்கு மானியம் வழங்கினார்கள். அக்காலத்தில் ஸ்டீபன் பிரென்னைசன் என்ற ஆய்வாளர் அந்நகரின் பசுங்கூரைகளில் வண்டுகளையும் சிலந்திகளையும் கணக்கெடுத்தார். முதல் மூன்று ஆண்டுகளில் 78 சிலந்தி இனங்களும் 254 வண்டு இனங்களும் கிடைத்தன. அச்சிலந்தி இனங்களில் 18 விழுக்காடும் வண்டு இனங்களில் 11 விழுக்காடும் அரியவை அல்லது அழியும் நிலையில் உள்ளவை எனப் பட்டியலிடப்பட்டவை.

அவர் கண்ட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. ஒரே ஆழத்தில் சமமாக மண் பரப்பிய கூரையைவிட மேடும் பள்ளமுமான கூரையில் உயிரின வகைகள் மிகுதி. மண் மெல்லியதாக உள்ள இடம் விரைவில் காய்ந்து வெறுமையாகும்; வெயிலை விரும்பும் பூச்சிகள் அங்கே வாழும். மண் குவிந்துள்ள இடத்தில் ஈரம் தங்கும். வறட்சியிலும் குளிரிலும் சிற்றுயிர்கள் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். கடையில் வாங்கும் ஊடகத்தைவிட அந்தந்த வட்டாரத்து மண்ணும் ஆற்றுச் சரளையும் அவ்வூர் உயிரினங்களுக்கு ஏற்றவை.

2002இல் பேசல் நகரின் கட்டடச் சட்டம் புதிய தட்டைக் கூரைகளைப் பசுமையாக்க வேண்டும் என்று விதித்தது. வட்டார மண், உள்ளூர்ச் செடிகள், ஆங்காங்கே மண்மேடுகள் ஆகியவை அங்கு வழிகாட்டு நெறிகளாயின. ஆய்வின் முடிவு அலமாரியில் தூங்காமல் விதியாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆள்காட்டிக் குஞ்சுகள்

வெற்றியைப் போலவே தோல்வியும் பாடம் கற்பித்தது. நம் ஊர்க் கண்மாய்க் கரைகளில் கத்தித் திரியும் ஆள்காட்டியின் உறவுப் பறவை ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அது தரையில் முட்டையிடும் பறவை. வயல்களில் இடம் குறைந்ததால் சுவிட்சர்லாந்தில் அது தட்டைக் கூரைகளில் முட்டையிடத் தொடங்கியது. நத்தாலி பௌமன் என்ற ஆய்வாளர் இதனைக் கூர்ந்து கவனித்தார். முட்டைகள் பொரிந்தன, ஆனால் குஞ்சுகள் சில நாள்களிலேயே மடிந்தன. ஆள்காட்டிக் குஞ்சு பொரிந்தவுடன் தானே நடந்து இரை தேட வேண்டும். வறண்ட கூரையில் போதிய பூச்சியும் இல்லை, நீரும் இல்லை. கூரையின் தாவரங்களை மேம்படுத்தியபின் குஞ்சுகள் கூடுதலான நாள்கள் உயிரோடு இருந்தன. பச்சை நிறம் தெரிந்தால் மட்டும் அது வாழிடமாகிவிடாது என்பதை இந்தக் குஞ்சுகள் காட்டின.

இலண்டனிலும் பிற நகரங்களிலும்

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான இலண்டனின் இடிபாடுகளில் சிவந்த வாலுடைய சிறிய கறுப்புப் பறவை ஒன்று குடியேறியது. பின்னர் அத்தகைய தரிசு இடங்களிலும் கட்டடங்கள் எழுந்தன. அப்பறவைக்காக உடைந்த செங்கல்லும் கற்காரைத் துண்டுகளும் பரப்பிய கூரைகளை அமைக்கும் இயக்கம் 1990களின் இறுதியில் தோன்றியது. கனடாவின் டொரான்டோ நகரம் பெரிய புதிய கட்டடங்களுக்குப் பசுங்கூரையைக் கட்டாயமாக்கும் விதியை 2009இல் இயற்றியது.

வரலாறு தரும் பாடம்

நல்ல கூரை சில உயிர்களுக்கு அடைக்கலம் தரும். மண்புழுவும் தவளையும் பெருமரமும் வாழும் தரைக்கு அது ஈடாகாது. கூரையைப் பசுமையாக்குகிறோம் என்று சொல்லிக் கீழேயுள்ள புல்வெளியையோ ஏரியையோ எடுத்துக்கொள்வது சரியான கணக்கு அன்று. சூரிக் கூரையில் ஆர்க்கிட் பூத்ததற்குக் காரணம், 1914இல் அக்கம்பக்கத்தில் அள்ளி எடுப்பதற்கு உயிருள்ள மண் இருந்ததுதான். அந்த மண் தரையில் இருக்கும்வரைதான் கூரைக்கும் விதை கிடைக்கும்.