கோனாட்டுப் பெருவழிகள்

திருக்கோயிலும் திருக்குளமும் ஓர் ஊரின் சிறப்பைக் காட்டுவன என்பதை யாவரும் அறிவர். அவ்விரண்டினையும் நாடி அடியார் நடந்து வந்த வழியும் அவ்வூர் வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை நினைப்பார் சிலரே. கோயில் கல்லால் அமைந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தும் நிற்கும். வழியோ, நடப்பார் இல்லையேல் ஒரு மாரியில் புல் முளைத்து, மறு மாரியில் புதர் மண்டி, சின்னாளில் வயலோடு வயலாய் மறைந்துவிடும். அங்ஙனம் மறைந்த வழிகள் எங்கே சென்றன என்பதற்குச் சான்று பகர்வன அவற்றின் ஓரத்தே எழுந்த கோயில்களும் மடங்களும் சத்திரங்களுமே. புதுக்கோட்டை மாவட்டத்தில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காணலாம்.

1948ஆம் ஆண்டு வரை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்து, 1974ஆம் ஆண்டு தனி மாவட்டமாக அமைந்த இந்நிலப்பகுதியின் பெரும்பகுதி, முற்காலத்தில் கோனாடு என்றும் கானாடு என்றும் வழங்கப்பெற்றது. இதன் ஊடே கிழக்கு நோக்கி ஓடி, மணமேல்குடிப் பக்கத்தில் கடலோடு கலப்பது வெள்ளாறு. சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் எல்லையாக இவ்வாற்றைக் குறிப்பது பழைய மரபு. வடக்கே உறையூரும் தஞ்சையும், தெற்கே மதுரையும் இருத்தலின், படையும் வணிகமும் யாத்திரையும் இந்நாட்டைக் கடந்தே சென்றன. ஆதலின் கோனாட்டின் வரலாறு பெரிதும் வழிகளின் வரலாறே எனலாம்.

இவ்வழிகளைப் பற்றிய மிகப் பழைய செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கிச் செல்லுங்கால், எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன் அவர்கட்கு வழி கூறுகின்றான். கொடும்பாளூரை அணுகியதும் வழி மூன்றாகப் பிரியும் என்றும், அது சிவபெருமான் திருக்கையில் ஏந்திய சூலத்தின் மூன்று தலைகளைப் போன்றது என்றும் அவன் உரைக்கின்றான். வலப்பக்கத்து வழி சிறுமலைப் பக்கமாகச் செல்வது. இடப்பக்கத்து வழி திருமால்குன்றமாகிய அழகர்மலையைச் சார்ந்து செல்வது. இடையே செல்வது காட்டு வழி. மூவரும் அவ்விடை வழியையே மேற்கொண்டனர். சமண முனிவராகிய இளங்கோவடிகளின் காப்பியத்தில், வழிக்கு உவமையாக இறைவனின் சூலம் அமைந்தமை சைவ அன்பர்கட்குப் பெருமகிழ்ச்சி தருவதாம்.

வணிகரும் இந்நாட்டைத் தம் நடைபாதையாகக் கொண்டனர். ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. அதில் உரோமானியப் பொற்காசுகள் 501 இருந்தன. அகஸ்டஸ் முதலாக வெஸ்பாசியன் ஈறாக, உரோமை ஆண்ட பேரரசர்களின் முத்திரை அவற்றில் காணப்பட்டது. கடல் கடந்து வந்த பொன் இவ்வுள்நாட்டூரை அடைந்தது என்றால், அதனைக் கொணர்ந்த வழியும் ஒன்று இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? பிற்காலத்தே முனிசந்தைக் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடுகின்றது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்னும் வணிகர், தம் ஊருக்குத் தொலைவிலுள்ள கடற்கரைக் கல்வெட்டிலும் இடம் பெறுகின்றனர். நார்த்தாமலை, நகரத்தார் மலை என்பதன் திரிபு என்பர்; அங்கும் வணிக நகரம் ஒன்று தழைத்திருந்தது. இவ்வணிகர் சென்ற இடமெல்லாம் கோயிலுக்கு ஈந்தனர். கோயிலும் அவர்தம் பெயரைக் கல்லில் காத்தது.

கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் மரபில் தோன்றியவர் இடங்கழி நாயனார். அடியார்க்கு அமுதளிக்கப் பொருளின்றி, அரண்மனை நெற்பண்டாரத்தில் களவு செய்த அன்பர் ஒருவர் பிடிபட்டபோது, அவரைத் தண்டியாது விடுத்ததோடு, பண்டாரம் முழுவதையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளுமாறு பறையறைவித்த பெருந்தகை அவர். அம்மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தம் பெயராலும் தம் தேவியர் கற்றளி, வரகுணை என்பார் பெயராலும் மூன்று விமானங்களை எழுப்பினார். மூவர்கோயில் என வழங்கும் அவற்றுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. காளாமுக ஆசாரியர் மல்லிகார்சுனருக்கு மடம் ஒன்றை அளித்து, துறவியர் ஐம்பதின்மர் அமுது செய்ய நிலமும் ஈந்தார் என அங்குள்ள கல்வெட்டுக் கூறும். மூவழி கூடும் ஊரிலே மடமும் அன்னமும் அமைந்தது எத்துணைப் பொருத்தம்!

இன்று திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் நான்குவழிப் பெருஞ்சாலை விராலிமலையைக் கடந்து கொடும்பாளூர் எல்லை வழியாகவே செல்கின்றது. ஆயின் அதில் விரைவார் பலர், சற்றே ஒதுங்கி நிற்கும் மூவர்கோயிலைக் காணாமலே கடந்துவிடுகின்றனர். வழி அருகே இருந்தும் ஊர் தொலைவாயிற்று.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் இவ்வாறே. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு மதுரையினின்று கீழ்க்கடற்கரை நோக்கிப் புறப்பட்ட திருவாதவூரர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதனைக் கண்டு மாணிக்கவாசகர் ஆயினார். குதிரை வாணிகத்திற்கு என அமைந்த வழி ஞானத்திற்கு வழியாயிற்று. ஆவுடையார்கோயில் என இன்று வழங்கும் அத்தலத்திற்கு அப்பால், கடற்கரையை ஒட்டி இராமேசுவரம் செல்லும் சேது வழி அமைந்திருந்தது. காசியினின்றும் நடந்து வந்த யாத்திரிகர்க்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் அவ்வழியே சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோசி மன்னரால் 1802ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. இம்மாவட்டத்து மணமேல்குடியிலும் மீமிசலிலும் அத்தகைய சத்திரங்கள் இருந்தன. இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டு அறந்தாங்கிக்கு வந்தது. பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1929ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்கும் ரயில் ஓடிற்று. நடப்பார் குறையவே, அன்னம் பாலித்த சத்திரங்களின் பணியும் குறைந்தது.

இனிப் பாலங்களைக் காண்போம். கோனாட்டு வழிகள் பழங்காலத்தில் ஆறுகளைத் துறைகளிலேயே கடந்தன. வெள்ளாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. வண்டிகள் மணலில் இறங்கி ஏறின. மாரியில் வெள்ளம் பெருகினால், வடியும் வரை கரையிலே தங்கினர். அதனாலேயே ஆற்றுத்துறைகளின் அருகே மண்டபமும் கோயிலும் தேவைப்பட்டன. ஏரிக்கரைகளே பல இடங்களில் வழியாகப் பயன்பட்டன. பாலம் வந்தபின் காத்திருத்தல் ஒழிந்தது, துறையும் மறந்தது.

பாலமும் நிலையானதன்று. புதுக்கோட்டையினின்று சமயபுரம் செல்லும் அடியார் கடந்த கொள்ளிடத்துப் பழம்பாலம் 1928ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் அருகே 2016ஆம் ஆண்டு புதுப்பாலம் திறக்கப்படவே, 88 ஆண்டுகள் உழைத்த பழையது ஓய்வு பெற்றது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. தூண்கள் சரிந்து, பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. மக்கள் சுமையைத் தாங்கி நின்ற வரை காக்கப்பட்டது, சுமை நீங்கிய இரண்டே ஆண்டில் வீழ்ந்தது.

பழைய வழிகளின் ஓரத்தே எளிய சின்னங்கள் பல இருந்தன. தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுதற்கு நட்ட சுமைதாங்கிக் கற்கள் அவற்றுள் ஒன்று. மகப்பேற்றின்போது உயிர் நீத்த பெண்டிரின் நினைவாக அவற்றை நாட்டுதல் தமிழர் வழக்கம். தான் இறக்க முடியாது போன சுமையைப் பிறராவது இறக்கட்டும் என்னும் அருள்நோக்கு அது. தகடூர்ப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களில் காதத் தொலைவு எழுத்தாலும் பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்தறியாதார்க்கும் விளங்கும்படி, பத்திற்குப் பெரிய குழியும் ஒன்றிற்குச் சிறிய குழியுமாகவும் குறிக்கப்பட்டுள்ளது. வழிப்போக்கரை முன்னோர் எவ்வளவு மதித்தனர் என்பதற்கு இவை சான்று.

சாலைகளை அகலப்படுத்துதல் காலத்தின் தேவை. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆயின் அப்பணியில் சுமைதாங்கியும் கல்வெட்டுக் கல்லும் பெயர்த்தெறியப்பட்டால் மீள்வதில்லை. சாலை மேடு குறுக்கிட்டால் கோயிற் குளத்தின் வரத்துக்கால் தூர்ந்துவிடும். திருப்பணி என்ற பெயரால் பழங்கற்களைப் படிக்கட்டாக்குதலும் சில இடங்களில் நிகழ்கின்றது. ஒரு கல் போயின் ஒரு வழி போம். ஒரு வழி போயின் அவ்வழி நடந்த ஆயிரமாண்டு அடியார் கூட்டத்தின் சுவடே போம்.

சைவ மரபில் வழிக்குச் செய்யும் தொண்டு சிவத்தொண்டே. திங்களூர் அப்பூதியடிகள் தாம் அமைத்த சாலைக்கும் குளத்திற்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் திருநாவுக்கரசர் பெயரையே இட்டார். அப்பெருமானோ உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். ஆதலின் குடமுழுக்குக்குப் பொருள் வழங்கிய செல்வர்கள் அத்துடன் அமையாது, தத்தம் ஊர்ப் பழைய வழியில் சாய்ந்து கிடக்கும் சுமைதாங்கியை நிமிர்த்துதல், வரத்துக்காலைத் தூர்வாருதல், கல்வெட்டுடைய கல்லை இடம் பெயராமல் காத்தல், தொல்பொருள் துறையினர்க்கு அறிவித்தல் ஆகியவற்றையும் திருப்பணியின் அங்கமாகக் கொள்ளுதல் நன்று. பெருஞ்சாலை விலகிச் சென்ற கோயில்களுக்கு ஆண்டிற்கு ஒரு முறையேனும் குடும்பத்தோடு நடந்து சென்று வழிபடுதல் அதனினும் நன்று. அடியார் பாதம் படும் வரையில் எவ்வழியும் அழியாது.

அரசர் மாறினர், வணிகர் மறைந்தனர், சாலைகள் விலகின. கொடும்பாளூரில் இறைவன் விலகவில்லை. அவனை நாடிச் செல்லும் வழியைக் காப்பது நம் கடன்.

திருச்சிற்றம்பலம்