மேற்கோள் குறிக்குள் ஒரு கடிதம்

நீங்களே எழுதிய புரோகிராமை ஆறு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள். 'யாருய்யா இதை எழுதினது?' என்று கேட்கத் தோன்றும். எழுதின ஆளுக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்கள் பாடு?

இந்த மறதிக்கு லிஸ்ப் உலகம் கையாண்ட மருந்தின் கதை இது.

லிஸ்ப், 1958-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி உருவாக்க ஆரம்பித்த கம்ப்யூட்டர் மொழி. எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறிகள்! ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. எது எதற்குள் அடக்கம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே... அதனால் உள்ளே இருப்பதைச் சற்றுத் தள்ளி எழுதினார்கள். அந்த இடைவெளிகளைக் கம்ப்யூட்டர் சட்டையே செய்யாது. அவை மனிதக் கண்ணுக்காக மட்டுமே.

விளக்கமெல்லாம் தனிப் புத்தகத்தில் இருந்தது. 1962-ல் வந்த 'லிஸ்ப் 1.5' கையேடு அப்படி ஒன்று. புரோகிராம் மாறும், அச்சான புத்தகம் மாறுமா?

1976-ல் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதன் கர்த்தாக்கள். 'தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும் எடிட்டர்' என்பது அதன் பெருமை. 1985-ல் ஸ்டால்மன் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸின் வயிற்றுக்குள் லிஸ்ப் இருந்தது. அதில் ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயருக்கும் கீழே, மேற்கோள் குறிக்குள், அது என்ன செய்யும் என்று எழுதி வைக்கலாம். இதுதான் டாக்ஸ்ட்ரிங். கன்ட்ரோல்-ஹெச், பிறகு எஃப் தட்டி, பெயரைச் சொன்னால் விளக்கம் திரையில் வந்து நிற்கும்.

இங்கேதான் வந்தது வில்லங்கம். பழக்க தோஷத்தில் டாக்ஸ்ட்ரிங்கின் இரண்டாவது வரியையும் தள்ளி எழுதினால் என்ன ஆகும்? மேற்கோள் குறிக்கு வெளியே இடைவெளிக்கு மதிப்பில்லை. உள்ளேயோ ஒவ்வொரு இடைவெளியும் சரக்கு! அப்படியே திரைக்குப் போய்விடும். முதல் வரி ஓரத்தில், மற்றவை தள்ளி... படிப்பவர் பார்ப்பது பல்வரிசை கோணிய பாராவை.

ஆகவே ஈமேக்ஸ்காரர்கள் விதி போட்டார்கள்: இரண்டாவது வரியிலிருந்து இடது ஓரத்தை ஒட்டியே எழுது. கோடு அழகாக இருக்காது, பரவாயில்லை. கூடவே இன்னொன்று: முதல் வரி தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும். பட்டியலில் தேடும்போது அந்த ஒரு வரிதான் தெரியும். தந்தி மாதிரி!

ஒரு விதி வந்தால் இன்னொரு வினையும் வருமே? அந்தக் கால ஈமேக்ஸ், இடது ஓரத்தில் திறப்புக்குறியைக் கண்டால் 'புது ஃபங்ஷன் ஆரம்பம்' என்று முடிவு கட்டிவிடும். ஃபைலின் தலையிலிருந்து அலசிப் பார்க்க மெஷினுக்கு வேகம் போதாது. விளக்கத்தில் ஒரு வரி அடைப்புக்குறியோடு தொடங்கினால் ஏமாந்து போகும். பரிகாரம்? அதன் முன்னால் ஒரு சாய்கோடு. எடிட்டர் ஏமாறாது, திரையில் படிப்பவருக்கோ சாய்கோடு தெரியவே தெரியாது. மெஷின்கள் வேகமான பிறகு இந்தக் கெடுபிடி தளர்ந்தது.

பைதான் மொழியிலும் டாக்ஸ்ட்ரிங் உண்டு. 2001-ல் அவர்கள் எழுதிய விதி வேறு மாதிரி. நீ தள்ளியே எழுதிக்கொள், காட்டும் கருவி அந்த இடைவெளிகளைச் சீவிவிடும்! லிஸ்பில் மனிதன் விட்டுக்கொடுத்தான். பைதானில் மெஷின் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

இரண்டு இடத்திலும் கவலை ஒன்றுதான். கோடு எழுதுகிறவன் பார்ப்பது ஒரு பக்கம். அந்தக் கோடைத் திறந்தே பார்க்காத ஒருவர் திரையில் படிப்பது வேறு பக்கம். ஓரம் நேராக இருக்க வேண்டியது அவருடைய பக்கத்தில்தான்.