அஞ்சலில் வந்த கடற்குதிரை

குள்ளக் கடற்குதிரை ஃபுளோரிடாவின் கரையோரங்களிலும், மெக்சிகோ வளைகுடாவிலும், பஹாமாஸ் தீவுகளைச் சுற்றியும் ஆழம் குறைந்த கடற்புல் திட்டுகளில் வாழும் மீன். முழுதாக வளர்ந்த பிறகும் தலையுச்சியிலிருந்து வால் நுனி வரை இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆயுள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. 1882இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன், சார்லஸ் கில்பர்ட் என்ற இரு அமெரிக்க மீனியல் அறிஞர்கள் பென்சகோலாப் பகுதி மீன்களை ஆராய்ந்தபோது இதற்கு ஹிப்போகாம்பஸ் சோஸ்டெரே என்று பெயர் சூட்டினர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்திலேயே செத்துக்கொண்டும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்தே தொட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கத் தொடங்கியது. இவ்வளவுக்கும் பின்னால் இருந்தது ஒரே கேள்வி: இதற்கு என்ன தீனி போடுவது?

கடல்நீரைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைத்திருக்கும் கலை இங்கிலாந்தில் வேரூன்றியது. 1845இல் அங்கே கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டு விலை இறங்கியது. மறு ஆண்டு அன்னா தின் என்ற பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளங்களை லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்று கலப்பதற்காக அவருடைய வேலைக்காரி தினமும் ஜன்னலருகே நின்று, முக்கால் மணி நேரம் வரை அதைப் பாத்திரம் மாற்றி ஆற்ற வேண்டியிருந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நீர்த்தாவரங்கள் போதிய அளவில் இருந்தால் இந்த உழைப்பு தேவையில்லை என்று காட்டினார். 1853இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் கூடம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் இந்தத் துறைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கடலுக்குப் பக்கத்தில் இல்லாதவர்களுக்காக, நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார்.

நீரும் காற்றும் இப்படி வசப்பட்டன. தீனி மட்டும் வசப்படவில்லை. கடற்குதிரைக்குப் பல் கிடையாது, இரைப்பை என்று தனியாக ஓர் உறுப்பும் கிடையாது. விழுங்கியது குடல் வழியாக விரைந்து வெளியேறிவிடும் என்பதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். தின்பதும் உயிரோடு அசைய வேண்டும். குள்ள இனத்துக்கோ வாய் ஊசித்துளை போன்றது. கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். மூக்கருகே ஒரு நுண்ணிய ஓட்டுடலி வந்தால் தலையை வெடுக்கென்று சொடுக்கி உறிஞ்சிவிடும். உலகிலேயே மெதுவாக நீந்தும் மீன் என்று கின்னஸ் பதிவேடு சொல்வது இதைத்தான். ஆனால் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமைதியான நீரில் இது குறிவைக்கும் இரைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் தப்புவதில்லை. இதன் முகவாட்டம் எதிரே உள்ள நீரைக் கலங்கவிடுவதில்லை என்பதால், நெருங்கிவரும் ஆபத்து இரைக்குத் தெரிவதே இல்லை.

இந்த வாய்க்கு ஏற்ற தீனி கடலிலிருந்து வரவில்லை, உப்பளத்திலிருந்து வந்தது. சான்பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தின் கண்காணிப்பாளர் ஆல்வின் சீல், ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர் ஓட்டுடலி மீன்களுக்குச் சிறந்த உயிர்த்தீனி என்று 1933இல் எழுதினார். 1939இல் நார்வேயின் குன்னர் ரோலெஃப்சன், தட்டை மீன் குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்து வளர்த்துக் காட்டினார். உலகெங்கும் இன்று இயங்கும் மீன் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கும் இறால் பண்ணைகளுக்கும் இந்த இரண்டு கட்டுரைகளே தொடக்கம் என்றால் மிகையில்லை.

ஆர்ட்டீமியாவின் சிறப்பு அதன் முட்டையில் இருக்கிறது. உப்பு மிகுந்து சூழல் கெடும்போது இந்த உயிரி கெட்டியான ஓடு மூடிய முட்டைகளை இடும். ஓட்டுக்குள் கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கும். காய வைத்து டப்பாவில் அடைத்தால் பழுப்பு நிறப் பொடியாக ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். தேவைப்படும்போது உப்புநீரில் போட்டு, அடியிலிருந்து காற்று விட்டு, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வைத்தால் ஒரே நாளில் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்தினால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சுகள் கீழே கூடும். ஒரு விளக்கைக் காட்டினால் வெளிச்சம் உள்ள பக்கம் திரண்டு வரும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசித் தொட்டியில் விட வேண்டியதுதான். பொரிந்த முதல் சில மணி நேரத்தில் அவற்றின் உடலில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் சத்து அதிகம். நேரம் போகப்போக அந்தச் சத்தை அவையே செலவழித்துவிடும்.

குள்ளக் கடற்குதிரைக்கு இது கைகூடி வந்த வாய்ப்பு. பெரிய இனக் கடற்குதிரைகள் பலவற்றின் குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் ஆர்ட்டீமியா சரிப்படுவதில்லை. குள்ள இனத்திலோ நேற்றுப் பிறந்த குஞ்சும் முழு வளர்ச்சி பெற்ற மீனும் ஒரே ஆர்ட்டீமியாக் குஞ்சைத் தின்னும். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு சமையல் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலித்தீன் பையும் விமானச் சரக்குப் போக்குவரத்தும் பரவலாயின. பையில் கொஞ்சம் நீர், மேலே ஆக்சிஜன், வாயை இறுக்கிக் கட்டினால் உயிர்மீன் நாடு முழுக்கப் போகும். ஃபுளோரிடாவில் கடற்புல் திட்டில் சிறு வலையை இழுத்தாலே குள்ளக் கடற்குதிரை கிடைத்தது. 1950களில் தொடங்கி, அமெரிக்கச் சிறுவர் காமிக்ஸ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் உயிருள்ள கடற்குதிரை இடம்பெற்றது. கூப்பனைக் கத்தரித்துச் சில டாலர்களுடன் அனுப்பினால் ஒரு ஜோடி வீடு தேடி வரும். கூடவே உப்புப் பொட்டலம், ஆர்ட்டீமியா முட்டைப் பொட்டலம், வளர்ப்புக் குறிப்பு அச்சிட்ட தாள். 1962 முதல் ஹெரால்ட் ஃபான் பிரவுன்ஹட் என்ற வியாபாரி அதே ஆர்ட்டீமியாவைக் 'கடல் குரங்கு' என்று பெயரிட்டு, அதே வகை இதழ்களில் செல்லப் பிராணியாகவே விற்றார். கடற்குதிரையும் அதன் தீனியும் தனித்தனி விளம்பரங்களில் ஒரே சிறுவர்களிடம் காசு வாங்கின.

வந்து சேர்ந்தவை பெரும்பாலும் வெகுநாள் இருக்கவில்லை. ஒரு ஜாடியும் கொஞ்சம் உப்பும் போதும் என்பதுபோல விளம்பரம் பேசியதே முதல் காரணம். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. முட்டையைத் தினமும் பொரிக்க வைக்க வேண்டும் என்பது தாளில் இருந்தாலும், பத்து வயதுச் சிறுவனுக்கு அது ஒரு வார வேலைதான். பொட்டலம் தீர்ந்ததும் மீனும் பட்டினி கிடந்தது. உயிரை விற்கும் வியாபாரத்தில் வாங்குபவனின் அறியாமையே லாபமாக இருந்த காலம் அது.

அதே ஆண்டுகளில்தான் இந்த மீனைப் பற்றிய முறையான அறிவும் சேர்ந்தது. ஃபுளோரிடாவின் சீடர் கீ கடற்பகுதியில் கிர்க் ஸ்ட்ரான் செய்த ஆய்வு 1958இல் வெளியானது. குள்ளக் கடற்குதிரையின் இனப்பெருக்கக் காலம், வளர்ச்சி, ஆயுள் பற்றிப் பிறகு எழுதியவர்கள் எல்லாரும் அதிலிருந்தே தொடங்கினார்கள். எல்லாக் கடற்குதிரைகளையும் போல இதிலும் சூல் சுமப்பது ஆண். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இட்டுவிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆண் குஞ்சுகளை ஈனும், ஓரிரு நாளில் மறுபடி சூல் கொள்ளும். பல இனங்களில் குஞ்சுகள் பிறந்தவுடன் மேற்பரப்பில் மிதந்து அலைவதால் வளர்ப்பவருக்குப் பெரும் தலைவலி. இதன் குஞ்சுகளோ பிறந்த உடனே எதையாவது வாலால் பற்றிக்கொள்ளும். ஹெதர் மேசன்ஜோன்ஸ், சாரா லூயிஸ் இருவரும் 1996இல் இவற்றின் இணைசேர்க்கையை விரிவாகப் பதிவு செய்தனர். காலை வேளைகளில் ஜோடி நிறம் மாறி, உடல் சிலிர்த்து, ஒன்றையொன்று சுற்றிவரும் சடங்கு இரண்டு மூன்று நாள் நீளும்.

மியாமியில் கடல்மீன் பிடித்து விற்று வந்த ராபர்ட் ஸ்ட்ராகன், வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றி 1959இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அன்றைய தொட்டிகளுக்கு உலோகச் சட்டம் இருந்தது. உப்புநீர் அதை அரித்தது. கரைந்த உலோகம் உயிர்களைக் கொன்றது. 1960களில் சிலிக்கோன் பசை வந்து சட்டமில்லாத முழுக் கண்ணாடித் தொட்டி சாத்தியமானது. பொட்டலத்தில் அடைத்த கடலுப்புக் கலவைகளும் அதே பத்தாண்டில் சந்தைக்கு வந்தன. 1970இல் ஸ்டீபன் ஸ்பாட் எழுதிய நூல், பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும் முறையைத் தொட்டி வைப்பவர்களுக்கு அறிவியல் அடிப்படையில் விளக்கியது.

இதற்குப் பின் கடல்நீர்த் தொட்டிகள் பெரிதாகிக்கொண்டே போயின. வலிய பம்புகள், நுரை பிரிக்கும் கருவிகள், கண்கூசும் விளக்குகள் என்று செலவும் ஏறியது. குள்ளக் கடற்குதிரைத் தொட்டி மட்டும் எதிர்த்திசையில் போனது. காரணம் தீனிதான். இந்த மீன் இரையைத் துரத்திப் பிடிக்காது. இரை அதன் மூக்கருகே வர வேண்டும். பெரிய தொட்டியில் ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் சிதறிவிடும், வலிய பம்பு அவற்றை இழுத்துக்கொள்ளும், வேக நீரோட்டம் மீனையே அடித்துச் செல்லும். ஆகவே அனுபவஸ்தர்கள் 20 முதல் 40 லிட்டர் தொட்டியோடு நின்றுகொண்டார்கள். ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், குமிழிகள் மெதுவாக வரும்படி காற்றைக் குறைத்து வைத்தால் போதும். வாலால் பற்றிக்கொள்ளக் கடற்பாசியோ பிளாஸ்டிக் புல்லோ வேண்டும். வெப்பம் 20 முதல் 25 டிகிரி. அதற்கு மேல் போனால் நோய் தலைகாட்டும். தினம் இரண்டு மூன்று வேளை புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா, அடியில் படியும் கழிவை அவ்வப்போது குழாயால் உறிஞ்சி எடுத்தல், எடுத்த அளவுக்குப் புதுக் கடல்நீர். இதில் 1950களின் தொட்டிக்காரருக்குக் கிடைக்காத பொருள் அதிகமில்லை. தெரியாமல் இருந்தது முறைதான்.

முறை தெரிந்தவர்களையும் திணறடித்த எதிரி ஒன்று உண்டு: ஹைட்ராய்டு. ஜெல்லி மீனின் உறவான இந்தச் சிற்றுயிர் முதலில் கண்ணாடியில் மெல்லிய வெண்பஞ்சு படிந்ததுபோலத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு இழையின் தலையிலும் கொட்டும் உணர்விழைகள் இருக்கும். கடற்குதிரைக்குப் போடும் ஆர்ட்டீமியாவே இதற்கும் விருந்து. தீனி தாராளமாக இருக்கும் தொட்டியில் சில நாட்களில் பரவிவிடும்; உரசும் கடற்குதிரைக் குஞ்சுகளைக் கொட்டிக் கொல்லும். இதற்கு மருந்து கால்நடை மருத்துவத்திலிருந்து வந்தது. நாய்க்கும் ஆட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலை மிகச் சிறு அளவில் தொட்டியில் கலந்தால் ஹைட்ராய்டு அழியும், கடற்குதிரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நத்தைகளும் சில புழுக்களும் சேர்ந்து சாகும் என்பதால், மீன் விடுவதற்கு முன்பே வெறுந்தொட்டிக்கு மருந்திடுவது வழக்கமாயிற்று. இந்த நடைமுறைகளெல்லாம் ஒன்றுதிரண்ட நிலையில், குள்ளக் கடற்குதிரைக்காகவே அலிசா வாக்னர் அபட் எழுதிய முழு நூல் 2003இல் வந்தது.

அதற்குள் சட்டமும் கடற்குதிரைப் பக்கம் திரும்பியிருந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கடற்குதிரைகளைச் சேர்க்க 2002இல் முடிவாகி, 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதியாகும் கடற்குதிரைக்குக் குறைந்தது பத்து சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்ற பரிந்துரையும் எழுந்தது. குஞ்சுகளைக் காக்க வந்த நல்ல யோசனை அது. ஆனால் குள்ள இனத்தின் கிழட்டு மீனும் அந்த உயரத்தில் கால்பங்கைத்தான் எட்டும். 2011இல் ஓர் அமெரிக்கச் சூழல் அமைப்பு, குள்ளக் கடற்குதிரையை ஆபத்துக்குள்ளான உயிரினமாக அறிவிக்க மனு கொடுத்தது. கடற்புல் அழிவும் நீர் மாசும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அந்த அறிவிப்பு தேவையில்லை என்று அமெரிக்கக் கடல்மீன்வள நிர்வாகம் 2020இல் முடிவு செய்தது. இதற்கிடையே, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்களும் விற்பனைக்கு வந்தன. தொட்டித் தீனிக்குப் பழகிய அவை, கடலில் பிடித்தவற்றைவிட நன்றாகப் பிழைக்கின்றன.

இந்த இனம் இந்தியக் கடலில் இல்லை. ஆனால் அதன் தீனியான ஆர்ட்டீமியா தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே உண்டு; ஆணின் துணையில்லாமல் பெண் மட்டுமே பெருகும் வகை அது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வேறு கடற்குதிரை இனங்கள் வாழ்கின்றன. அவை தொட்டிக்காக அல்லாமல், சீன மருத்துவத்துக்காகக் காயவைத்து ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தன. 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கடற்குதிரைகள் சேர்க்கப்பட்டதிலிருந்து, அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இறால் வலையில் தப்பித்தவறிச் சிக்குவது இன்னும் நிற்கவில்லை. காய்ந்த கடற்குதிரைக் கடத்தலும் அவ்வப்போது பிடிபடுகிறது. நம்மூர் அலங்கார மீன் கடையில் யாராவது கடற்குதிரையைக் காட்டி விலை சொன்னால், வாங்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.