சமாதானம் என்கிற சுவர்

1953 ஜூலை 27இல் கொரியாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 250 கிலோமீட்டர் நீளம், 4 கிலோமீட்டர் அகலத்துக்குப் 'படையற்ற பகுதி' உண்டானது. ஒரே மொழி பேசும் சனம் இரண்டு நாடாக நின்றுபோனது. முதல் கோட்டைக் கிழித்ததும் கொரியர்கள் அல்ல. 1945 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் இருவர் வரைபடத்தைப் பார்த்து 38ஆவது அட்சக்கோட்டைக் காட்டினார்கள்.

ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காவல் காக்க இந்தியப் படை அங்கே போனது. தன் மண்ணில் அவர்கள் கால் வைக்கக்கூடாது என்றார் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ. சிப்பாய்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். கால் வைக்கக்கூடாத மண் என்பது சேரிக்காரனுக்குப் புதுசா என்ன?

ஆரணியில் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களுக்கு அந்தாண்ட, காலனியில் பிறந்தவன் நான். எங்களுக்குச் சுவர் இல்லை; எது வரைக்கும் போகலாம் என்பது மட்டும் குழந்தைக்கும் தெரியும். "ஊர்ல சண்ட இல்லன்னா நாம வாய மூடிக்கினு இருக்கோம்னு அர்த்தம்" என்பாள் எங்க ஆயா.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவரே இருந்தது. 1989 கலவரத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் ஒன்றின் பேரில், சாதி இந்துக்கள் சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு அதை எழுப்பினார்கள். 2008இல் அதன்மேல் மின்கம்பி போட்டிருந்தது வெளியே தெரியவந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராடின. மே 6இல் நிர்வாகம் சுவரில் ஒரு பகுதியை மட்டும் இடித்துப் பாதை விட்டது. தலித்துகள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போக 2011 நவம்பர் ஆயிற்று, அதுவும் போலீஸ் காவலோடு.

இரண்டு இடத்திலும் பிரிவினைக்குச் சமாதானம் என்றே பேர். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொரிய ஒப்பந்தத்தில் தென்கொரியா கையெழுத்தே போடவில்லை. மறுக்க அதனிடம் படை இருந்தது, அரசு இருந்தது. கூலியும் தண்ணியும் பாதையும் அடுத்தவன் கையில் இருக்கையில் சேரிக்காரன் போடும் கையெழுத்துக்குச் சம்மதம் என்றா பேர்?

தோழர்களே, ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் நடக்கிறது, தீர்மானம் எழுதப்படுகிறது. உங்கள் வட்டாரத்துத் தாள்களைத் தேடி எடுங்கள். யார் எழுதினார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பதிவு செய்யுங்கள். சுவர் இடிந்த ஊரிலும் அந்தத் தாள் இடியாமல் இருக்கலாம்.